மாவை அரைத்துவிட்டு அடுப்பைத் தேடியவர்கள்

கேள்வி: ராதாபுரம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். பிரிட்டன் தன்னிடம் இருக்கும் 140 டன் புளூட்டோனியத்தை மின்சாரமாக்காமல் மண்ணில் புதைக்கப்போகிறது என்று படித்தோம். நாம் கல்பாக்கத்தில் அதே புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கப் பாடுபடுகிறோம். அவர்கள் ஏன் தூக்கிப் போடுகிறார்கள் என்று பிளஸ் டூ பிள்ளைகள் கேட்கிறார்கள். கூடங்குளத்துக் கழிவும் கல்பாக்கம் போய்க் குண்டாகிறது என்று ஒரு பையன் அடித்துச் சொல்கிறான். வகுப்பில் சொல்லும்படி எண்களோடு விளக்குவீர்களா?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

அந்தப் பையன் சொன்னதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் செய்தியில் இரண்டு திருத்தம். பிரிட்டனின் அணுசக்தி வளாகமான செல்லாஃபீல்டில் இருக்கும் சுமார் 140 டன்னில் எல்லாமே பிரிட்டனுடையது அல்ல. ஏறத்தாழ 24 டன் வெளிநாட்டாருடையது, அதிலும் பெரும்பகுதி ஜப்பானுடையது. 2025 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு அறிவித்த முடிவு தன் சொந்தப் பங்கைப் பற்றியது. இரண்டாவது, டப்பாவோடு குழியில் போடப்போவதில்லை. தூளாக இருப்பதைக் கல் மாதிரி கெட்டியான பீங்கானாக மாற்றிவிட்டுத்தான் புதைப்பார்கள். அந்தக் குழிக்கு இடம்கூட இன்னும் முடிவாகவில்லை.

பிள்ளைகளின் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 கிராம் புளூட்டோனியம் முழுதாகப் பிளந்தால் கிட்டத்தட்ட 1 மெகாவாட்-நாள் வெப்பம். அதாவது ஒரு கிலோவுக்கு 2.4 கோடி யூனிட் வெப்பம். மூன்றில் ஒரு பங்கு மின்சாரமானால் 80 லட்சம் யூனிட். பிரிட்டனின் பங்கான 116 டன்னுக்கு இது 90,000 கோடி யூனிட்டைத் தாண்டும். அந்த நாட்டின் மின்தேவை ஆண்டுக்குச் சுமார் 30,000 கோடி யூனிட். ஆக, மூன்று வருஷ மின்சாரத்தைப் புதைக்கிறார்கள் என்று காகிதத்தில் சொல்லலாம்.

காகிதத்தில் மட்டும்தான். வழக்கமான நீர் உலையில் புளூட்டோனியத்தை யுரேனியத்தோடு கலந்து மாக்ஸ் எரிபொருளாகப் போட்டால், ஒரு சுற்றில் அழிவது கால் பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்கு. பாக்கி அப்படியே வெளியே வரும், அதுவும் சாதாரண எரிபொருளைவிடச் சூடாக. அதைக் குளிரவைக்கவும் புதைக்கவும் கூடுதல் காலமும் கூடுதல் இடமும் வேண்டும். எரித்து ஒழிக்கிறோம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

இனி, பயன்படுத்திய எரிபொருளுக்கும் பிரித்தெடுத்த புளூட்டோனியத்துக்கும் என்ன வித்தியாசம்? நம் வீட்டு உதாரணம் ஒன்று போதும். நெல்லாக இருந்தால் குதிரில் வருஷக்கணக்கில் கிடக்கும். மாவாக அரைத்துவிட்டால் இரண்டாம் நாள் புளிக்கத் தொடங்கும். அரைக்கும் முன்பே அடுப்பு தயாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

உலையிலிருந்து வெளியே வரும் எரிகோல் கட்டுதான் நெல். நீர் உலை எரிபொருள் 1 டன்னில் சுமார் 10 கிலோ புளூட்டோனியம், 40-50 கிலோ பிளவுக் கழிவு, மீதி யுரேனியம். வெளிவந்து ஓராண்டில் டன்னுக்கு 10 கிலோவாட் அளவில் வெப்பம் விடும். 10 ஆண்டில் அது ஒன்றிரண்டு கிலோவாட்டாக இறங்கும். பக்கத்தில் சில நிமிஷம் நின்றவரைக் கொல்லக்கூடிய காமாக் கதிர், உள்ளே இருக்கும் புளூட்டோனியத்துக்குத் தானாகவே காவல். திருட நினைப்பவனுக்கு ஈயக் கவசமும் கிரேனும் லாரியும் வேண்டும்.

மாவாக்குவது மறுபதப்படுத்தும் ஆலை. எரிகோல்களைத் துண்டுதுண்டாக நறுக்கிக் கொதிக்கும் நைட்ரிக் அமிலத்தில் கரைப்பார்கள். உலோக உறை கரையாமல் சக்கையாக நிற்கும். அந்தக் கரைசலை, 30 சதவீத டிரைபியூட்டைல் பாஸ்பேட் கலந்த மண்ணெண்ணெய் வகை எண்ணெயோடு கலக்குவார்கள். யுரேனியமும் புளூட்டோனியமும் எண்ணெய்க்குத் தாவும், பிளவுக் கழிவு அமிலத்திலேயே தங்கிவிடும். பிறகு புளூட்டோனியத்தின் ஆக்ஸிஜனேற்ற எண்ணை 4-லிருந்து 3-க்கு இறக்கினால் அது மட்டும் திரும்ப அமிலத்துக்கு வந்துவிடும். உங்கள் பள்ளியின் வேதியியல் ஆசிரியருக்கு இந்த இடம் பிடிக்கும். அதை ஆக்சலேட்டாக வீழ்படிவாக்கிச் சூளையில் சுட்டால் புளூட்டோனியம் டை ஆக்சைடு தூள். பச்சையும் பழுப்பும் கலந்த அந்தத் தூள், கையுறைப் பெட்டிக்குள் கையாளும் அளவுக்குச் சாதுவாக இருக்கும். காவல் போய்விட்டது என்பதே அதற்கு அர்த்தம்.

இந்த ஆலைகளின் தொட்டிகள் ஏன் தட்டையாகவும் ஒல்லியாகவும் இருக்கின்றன என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். நீர் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கிறது. அதனால் புளூட்டோனியம்-239 கரைசல் தகாத வடிவத்தில் ஒன்று சேர்ந்தால் அரைக் கிலோவிலேயே தொடர்வினை கிளம்பிவிடும். ஒல்லியான தொட்டியில் நியூட்ரான்கள் பக்கவாட்டில் தப்பி ஓடிவிடும். பாதுகாப்பு வடிவத்திலேயே இருக்கிறது.

இப்போது புளிப்பு. புளூட்டோனியத்தில் பல ஐசோடோப்புகள் உண்டு. அவற்றில் 241-க்கு அரை ஆயுள் 14 ஆண்டு சொச்சம். நீர் உலையில் நன்றாக எரிந்த எரிபொருளின் புளூட்டோனியத்தில் இது பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கும். சிதைந்தால் அமெரிசியம்-241 ஆகும். அதன் அரை ஆயுள் 432 ஆண்டு. இதில் மூன்று நஷ்டம். பிளக்கக்கூடிய அணு ஒன்று குறைகிறது. அந்த இடத்தில் வருவது, நீர் உலையில் நியூட்ரானை விழுங்கும். மூன்றாவதுதான் பட்டறையில் வலிப்பது: அமெரிசியம் 60 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அளவில் காமாக் கதிர் விடுகிறது. புதிய தூளைக் கையுறை மாட்டித் தொட்டவர்கள், 20 வருஷப் பழைய தூளுக்கு ஈயக் கண்ணாடியும் தூரத்திலிருந்து இயக்கும் கருவிகளும் தேட வேண்டியிருக்கும். இல்லையென்றால் மறுபடி அமிலத்தில் கரைத்து அமெரிசியத்தை நீக்க வேண்டும். அதற்குத் தனி ஆலை, தனிக் கழிவு. (அந்த அமெரிசியத்தை விண்கல மின்கலங்களுக்கு எடுத்துக் கொடுக்க பிரிட்டனின் தேசிய அணு ஆய்வகம் ஐரோப்பிய விண்வெளி முகமைக்காக வேலை செய்கிறது. அது சிறு அளவு. 116 டன்னுக்கு மருந்தாகாது.)

எரிபொருளாகவே விட்டிருந்தால் 241 சிதையாமல் இருக்குமா என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். சிதையும்தான். ஆனால் பத்து வருஷம் கழித்துப் பிரித்தால், அதுவரை சேர்ந்த அமெரிசியம் பிளவுக் கழிவோடு போய்விடும். கையில் வருவது சுத்தமான தூள். உபயோகத்துக்குச் சற்று முன்பு பிரிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

டப்பாவுக்குள் நடப்பது இன்னொரு கதை. தூள் ஆல்ஃபாத் துகளை விட்டுக்கொண்டே இருக்கும். அது ஹீலிய வாயுவாகச் சேரும். ஈரம் ஒட்டியிருந்தால் கதிர் நீரைப் பிளந்து ஹைட்ரஜனாக்கும். டப்பா உப்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிரிட்டனின் பழைய பொதிகள் சிலவற்றில் உள்ளே பிவிசி உறை போட்டிருந்தார்கள். வெப்பமும் கதிரும் அந்த பிளாஸ்டிக்கைச் சிதைக்க, குளோரின் தூளில் ஏறிவிட்டது. அப்படிப்பட்ட தூளை எதற்குப் பயன்படுத்துவதென்றாலும் முதலில் உயர் வெப்பத்தில் வறுத்துக் குளோரினை விரட்டியாக வேண்டும். செல்லாஃபீல்டில் பழைய டப்பாக்களைத் திறந்து மறுபொதி செய்யவே தனி ஆலை கட்டுகிறார்கள். ‘சும்மா வைத்திருப்பது’ என்று நாம் சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு வேலை.

இத்தனை தொல்லை என்றால் ஏன் அரைத்தார்கள்? இரண்டு காரணம், ஒன்று உலோகம், ஒன்று கனவு. 1956-இல் திறந்த கால்டர் ஹால் முதலான மேக்னாக்ஸ் உலைகளின் எரிபொருளுக்கு மக்னீசியக் கலவையில் உறை. அது குளத்து நீரில் அரிக்கும். நீண்ட நாள் ஊறப்போட முடியாது. ஆகவே புளூட்டோனியம் வேண்டுமோ வேண்டாமோ, கரைத்துப் பிரித்தே ஆக வேண்டிய நிலை. 1964 முதல் 2022 ஜூலை வரை செல்லாஃபீல்டின் மேக்னாக்ஸ் மறுபதப்படுத்தும் ஆலை கிட்டத்தட்ட 55,000 டன் எரிபொருளைக் கரைத்தது. உறைக்கு எந்த உலோகம் என்ற முடிவு அறுபது வருஷம் ஒரு நாட்டின் கொள்கையைக் கட்டிப்போட்டது. எனக்குத் தெரிந்து அணுசக்திக் கொள்கையில் இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. வகுப்பில் இதற்கு ஐந்து நிமிஷம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

கனவு, வேக ஈனுலை: வேக நியூட்ரான்களால் ஓடி, எரிப்பதைவிடக் கூடுதலாக எரிபொருளை ஈனும் உலை. யுரேனியம் தட்டுப்பாடாகும், ஈனுலைகள் வரிசையாக வரும், அவற்றுக்கு ஆரம்ப எரிபொருள் வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். யுரேனியம் தாராளமாகக் கிடைத்தது. ஸ்காட்லாந்தின் டூன்ரே முன்மாதிரி ஈனுலையை 1994-இல் மூடினார்கள். அதே 1994-இல்தான் தார்ப் என்ற புது மறுபதப்படுத்தும் ஆலை செல்லாஃபீல்டில் ஓடத் தொடங்கியது. அடுப்பை அணைத்த வருஷமே புது கிரைண்டர் வாங்கியது போல. வெளிநாட்டு ஒப்பந்தங்கள் கையெழுத்தாகியிருந்தன, கட்டடமும் எழும்பியிருந்தது. நிறுத்த யாருக்கும் மனசு வரவில்லை.

தார்ப் ஆலையின் ஒரு விபத்தையும் சொல்லியாக வேண்டும். எடைபோடுவதற்காகத் தொங்கவிட்டிருந்த தொட்டி ஒன்று அசைந்து அசைந்து, அதன் குழாய் உலோகச் சோர்வில் உடைந்தது. 83 கன மீட்டர் கரைசல், அதில் சுமார் 20 டன் யுரேனியமும் 160 கிலோ புளூட்டோனியமும், கான்கிரீட் அறையின் எஃகுத் தரையில் தேங்கிக் கிடந்தது. 2005 ஏப்ரலில் கண்டுபிடிக்கும்வரை பல மாதங்கள் யாரும் கவனிக்கவில்லை. வெளியே கசியவில்லை, யாருக்கும் காயமில்லை. இரண்டாவது அரண் தன் வேலையைச் செய்தது. ஆனால் உள்ளே போன, வெளியே வந்த பொருளின் கணக்கு இடித்துக்கொண்டிருந்தும் ‘புதுசுதானே, ஒழுகாது’ என்று நினைத்திருந்தார்கள். ஆலையை ஐந்து லட்சம் பவுண்டு அபராதத்துடன் நீதிமன்றம் கண்டித்தது. 2018 நவம்பரில் தார்ப் தன் வேலையை முடித்துக்கொண்டது.

பிரித்த தூளை மாக்ஸாக்கி விற்கவும் முயன்றார்கள். செல்லாஃபீல்டின் மாக்ஸ் ஆலைக்குப் போட்ட திட்டம் ஆண்டுக்கு 120 டன். பத்து வருஷத்தில் மொத்தமாகவே வெளிவந்தது 14 டன்னுக்குள். தூளைக் கலப்பதிலிருந்து, அழுத்திச் சுட்ட எரிபொருள் வில்லையை அரைத்து மெருகூட்டுவதுவரை இயந்திரங்கள் தனித்தனியே ஓடின. தொடராக ஓட்டினால் எங்காவது நின்றது. கையுறைப் பெட்டிக்குள் பழுது பார்ப்பது வெளியே பார்ப்பதைப் போல இல்லை. ஃபுகுஷிமா உலை விபத்துக்குப் பிறகு ஜப்பானிய வாடிக்கையாளரும் போக, 2011 ஆகஸ்டில் மூடுவதாக அறிவித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு டிசம்பரில் அரசு வெளியிட்ட கொள்கையில் முதல் விருப்பம் மாக்ஸ்தான். 2025 ஜனவரியில்தான் அது மாறியது.

இனி செய்யப்போவதற்கு இரண்டு வழி ஆய்வில் இருக்கிறது. ஒன்று, மாக்ஸ் செய்வது போலவே அழுத்தி, 1,700 டிகிரி அளவில் சுட்டு, உலைக்கு அனுப்பாமல் புதைக்கும் வில்லை. இன்னொன்று, சிர்கோனோலைட் என்ற கனிமத்தின் மாதிரியில் செய்யும் பீங்கான். இயற்கையில் இந்தக் கனிமம் யுரேனியத்தையும் தோரியத்தையும் கோடிக்கணக்கான ஆண்டுகள் விடாமல் பிடித்து வைத்திருப்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. தூள்களைக் கலந்து எஃகு டப்பாவில் அடைத்து, 1,300 டிகிரியில் எல்லாப் பக்கமும் ஆயிரம் மடங்கு காற்றழுத்தத்துக்கு நிகராக ஆர்கான் வாயுவால் நசுக்கினால் டப்பா சுருங்கிக் கல்லாகும். நியூட்ரானை விழுங்கும் காடோலினியமோ ஹாஃப்னியமோ கூடவே சேர்ப்பார்கள், நிலத்தடி நீர் ஆயிரமாயிரம் ஆண்டு கழித்துப் புகுந்தாலும் தொடர்வினை எழக்கூடாது என்பதற்காக. எந்த வழி என்பதை இந்தப் பத்தாண்டின் கடைசியில் முடிவு செய்வதாகத் திட்டம். புதைகுழி 2050-களுக்கு முன் திறக்காது. ஆக, ‘புதைக்கிறார்கள்’ என்ற செய்தியின் உண்மையான பொருள், இன்னும் பல பத்தாண்டுகள் காவல் காக்கிறார்கள் என்பது.

மறுபதப்படுத்தலை நிறுத்திய பிறகு, பிரிட்டனின் வாயுவால் குளிர்விக்கும் உலைகளின் எரிபொருள் செல்லாஃபீல்டு குளத்திலேயே காத்திருக்கிறது. அதன் எஃகு உறையும் நீரில் விரிசல் விடக்கூடியது. அதனால் குளத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து, பிஎச் அளவை 11-க்கு மேல் வைத்திருக்கிறார்கள். மலிவான காஸ்டிக் சோடா சில ஆயிரம் டன் எரிபொருளைப் பாதுகாக்கிறது.

நம் பக்கம் வருவோம். கல்பாக்கத்து மறுபதப்படுத்தும் ஆலை எடுத்துக்கொள்வது கனநீர் உலைகளின் எரிபொருளை. அது குறைவாக எரிந்து வெளிவரும். டன்னுக்கு 4 கிலோ அளவில்தான் புளூட்டோனியம். கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையை முதல் முறை நிரப்ப ஏறத்தாழ 2 டன் வேண்டும். வகுத்துப் பாருங்கள்: 500 டன் எரிபொருளைக் கரைக்க வேண்டும். ஆண்டுக்கு 100 டன் திறனுள்ள ஆலை முழு வேகத்தில் ஐந்து வருஷம் ஓடியாக வேண்டும். அதனால் நம்மவர்கள் முன்கூட்டியே பிரித்தது கணக்கில் பொருந்துகிறது. ‘மறுபயன்பாட்டுக்காகவே மறுபதப்படுத்தல்’ என்பது இந்திய அணுசக்தித் துறை சொல்லும் கொள்கை. கொள்கையாக அது சரி.

சிக்கல் அடுப்பில் இருக்கிறது. 2004-இல் கட்டத் தொடங்கி 2010-இல் முடிப்பதாகச் சொன்ன ஈனுலையின் உள்ளகத்தை நிரப்பும் பணியின் தொடக்கம் 2024 மார்ச்சில்தான் வந்தது. நமக்குச் சாதகமாக இரண்டு விஷயம் உண்டு. கனநீர் உலைப் புளூட்டோனியத்தில் 241-இன் பங்கு சிறியது, ஆகவே புளிப்பு மெதுவாக ஏறும். வேக நியூட்ரான்கள் அமெரிசியத்தையும் பிளக்கும் என்பதால் ஈனுலை அதைப் பொறுத்துக்கொள்ளும். வில்லை செய்யும் தொழிலாளிக்கு விழும் கதிர்தான் கவலை. இந்தியா சரி, பிரிட்டன் தப்பு என்றோ, மாற்றியோ பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். பிரிட்டனிடம் உலை இல்லை, தூள் இருக்கிறது. அந்த நிலையில் கல்லாக்குவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கணிப்பு. நம்மிடம் உலை வருகிறது. இரண்டாவது, மூன்றாவது ஈனுலை எப்போது என்ற தேதியைப் பார்த்துத்தான் அடுத்த டன்னைப் பிரிக்க வேண்டும். ஜப்பானில் ரொக்காஷோ ஆலையை 1993-இல் கட்டத் தொடங்கி இன்னும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பிரிக்கும் அளவை மாக்ஸ் எரிக்கும் அளவோடு கட்டிவிட வேண்டும் என்று 2018-இல் அந்நாடு கொள்கையை இறுக்கியது. அந்த ஒரு வாக்கியம் எல்லோருக்கும் பொருந்தும்.

இனி அந்தப் பையன். அவன் பயத்தில் பாதி சரி. உலைப் புளூட்டோனியத்தால் குண்டு செய்ய முடியாது என்று சிலர் சொல்வது தவறு. 1962-இல் அமெரிக்கா அப்படியொன்றை வெடித்துப் பார்த்ததை 1977-இல் ஒப்புக்கொண்டது. சர்வதேச அணுசக்தி முகமை ஒரு குண்டுக்கான கணக்காக வைத்திருப்பது 8 கிலோ. நம் 1974 சோதனையின் புளூட்டோனியமும் மும்பை டிராம்பேயில் பிரித்தெடுத்ததுதான், சைரஸ் ஆராய்ச்சி உலையிலிருந்து.

ஆனால் கூடங்குளத்தை அதோடு முடிச்சுப் போடுவது பிழை. 1988 ஒப்பந்தப்படி இங்கே பயன்படுத்திய எரிபொருள் சோவியத் நாட்டுக்கே திரும்ப வேண்டும் என்றிருந்தது. 1998-இல் அதை மாற்றி, இந்தியாவே வைத்துக்கொள்வதென்றானது. அந்த உலைகளும் எரிபொருளும் சர்வதேச முகமையின் கண்காணிப்பில் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டுக்கும் எண் உண்டு, கணக்கு உண்டு. கல்பாக்கத்து மறுபதப்படுத்தும் ஆலை அந்தக் கண்காணிப்புக்கு வெளியே இருப்பது. கூடங்குளத்துக் கட்டுகள் அங்கே போகவில்லை. உலைக் கட்டடத்தின் குளத்திலேயே இருக்கின்றன. உறை சிர்கோனியம்-நியோபியம் கலவை. மேக்னாக்ஸ் போல நீரில் கரையாது, பல பத்தாண்டு தாங்கும். அவசரப்பட்டு அரைக்க வேண்டிய கட்டாயம் இல்லை, நெல்லாகவே இருக்கலாம்.

அவன் கேட்க வேண்டிய கேள்வி குளத்தைப் பற்றியது. 2013 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், உலைக்கு வெளியே தனிக் கிடங்கு ஒன்றை ஐந்து ஆண்டுக்குள் கட்டச் சொன்னது. 2018-இல் அந்தக் கெடு 2022 வரை நீண்டது. நிரந்தரப் புதைகுழிக்கும் விரைவில் வழி செய்யச் சொல்லியிருந்தது. ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும்போது, பயமா பயமில்லையா என்ற வாக்குவாதத்தில் இறங்காமல் நான்கு எண்களைக் கேட்கலாம். ஒவ்வொரு குளத்திலும் மொத்தம் எத்தனை இடம்? இன்றைக்கு எத்தனை நிரம்பியிருக்கிறது? உலையின் 163 கட்டுகளையும் அவசரத்தில் ஒரேயடியாக இறக்கிவைக்க இடம் காலியாக வைத்திருக்கிறார்களா? ஒவ்வொரு முறை எரிபொருள் மாற்றும்போதும் எத்தனை கட்டு வெளியே வருகிறது? மொத்தத்திலிருந்து நிரம்பியதையும் 163-ஐயும் கழித்து, நான்காவது எண்ணால் வகுத்தால், இன்னும் எத்தனை எரிபொருள் மாற்றத்துக்கு இடம் இருக்கிறது என்பது வரும். பிளஸ் டூ வேண்டாம், ஆறாம் வகுப்புப் பிள்ளையே போட்டுவிடும் கணக்கு. விடை ஒற்றை இலக்கத்தின் கீழ்ப் பக்கம் வந்தால், தனிக் கிடங்கின் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை எழுத்தில் கேளுங்கள்.